47 வயதில் முதல் ஆன்லைன் ஆட்டம்: முடிந்ததும் எல்லோரும் எங்கே போய்விடுகிறார்கள்?

இறகுப்பந்து | கோவை | சனி, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரிக் காலத்திலிருந்து மாலை தவறாமல் ஷட்டில் ஆடி வந்தவன். கணுக்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. இந்த ஆண்டு முழுவதும் கோர்ட் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாம்பார் முதல் சட்டமன்றம் வரை எல்லாவற்றையும் குறை சொல்வதைச் சகிக்காமல், மைத்துனர் தன் பிளேஸ்டேஷன் 4 கன்சோலை (டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி) கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். "ராக்கெட் லீக் இலவசம்தான் மாமா, கால் வலிக்காது" என்றார்.

கால் வலிக்கவில்லை. மற்றதெல்லாம் வலிக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது காரில் கால்பந்து ஆடும் விளையாட்டு. மூன்று பேருக்கு மூன்று பேர், ஐந்து நிமிடம், ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. பந்து காரைவிடப் பெரியது. பந்து கூரைவரை எழும்பும். எதிராளியின் காரும் அதன் பின்னாலேயே பறக்கும். நம் கார் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்.

என் முதல் கேள்வி, இதை எப்படி நிறுத்தி வைப்பது? பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், அம்மா மாத்திரை கேட்கிறார். பாஸ் பட்டனை அழுத்தினால் மெனு வருகிறது, அதற்குப் பின்னால் ஆட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை பாதியில் எழுந்து போனேன். திரும்பி வந்தால், சற்று நேரம் ஆடக் கூடாது என்று தண்டனை போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, மரியாதை. நேற்று கோல் வாயில் நின்றிருந்தேன். பந்து என் தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. உடனே என் அணிக்காரர் ஒருவர் ‘வாட் எ சேவ்!’ (என்ன அருமையான தடுப்பு!) என்று திரையில் செய்தி போட்டார். ஆங்கிலத்தில் பாராட்டுகிறாரே என்று ஒரு நொடி மகிழ்ந்தேன். அவர் அதையே மூன்று முறை போட்டபோதுதான் புரிந்தது. எதிராளிகள் என்றால்கூடப் பரவாயில்லை, இவர் என் அணி.

மூன்றாவதுதான் என்னை உண்மையில் உறுத்துகிறது. ஷட்டில் கோர்ட்டில் எவ்வளவு கடுமையாக மோதினாலும் முடிந்ததும் வலைக்கு மேலே கை கொடுப்போம், தோற்றவர் டீ வாங்குவார். இங்கே கடைசி நொடியில் கோல் அடித்து ஜெயிக்கிறோம், திரை மாறுகிறது, ஐந்து பேரும் காணாமல் போகிறார்கள். யாரோடு ஆடினேன் என்பதுகூடத் தெரியவில்லை. இதுதான் ஆன்லைன் ஆட்டத்தின் இயல்பா, அல்லது நான்தான் தவறான வாசலில் நிற்கிறேனா?

தக்காளிச்சோறு | திருச்சி | சனி, இரவு 11.15

அங்கிள், முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நேற்று உங்களுக்கு ‘வாட் எ சேவ்’ போட்டது நான் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. :)

அது கன்ட்ரோலரில் இருக்கும் நான்கு திசை பட்டனை இரண்டு முறை தட்டினால் போய்விடும் செய்தி. தட்டச்சு தேவையில்லை என்பதால் யோசனையும் தேவையில்லை. எங்கள் விடுதியில் பாதிப் பேருக்கு விரல் தானாகவே போகும். எரிச்சலாக இருந்தால் அமைப்புகளில் அரட்டையை முழுவதும் அணைத்துவிடலாம். ஆட்டத்தின் நடுவிலேயே மதிப்பெண் பட்டியலைத் திறந்து அந்த ஒருவரை மட்டும் ஊமையாக்கவும் முடியும். தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டங்களில் நான் எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். நன்றாக ஆடுகிறவர்களில் பலர் அப்படித்தான்.

ஆட்டத்தைப் பற்றிச் சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? புதியவர்கள் எல்லோரும் பந்தையே துரத்துவார்கள். மூன்று காரும் பந்துக்குப் பின்னால் போனால் கோல் வாய் காலி. ஒருவர் அடிக்கப் போகும்போது ஒருவர் நடுவில், ஒருவர் பின்னால். அடித்தவர் உடனே சுற்றிக்கொண்டு பின்னால் வர வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் பறக்கத் தெரியாமலே சில்வர் என்ற தரநிலையைத் தாண்டிவிடலாம். ஷட்டிலில் இரட்டையர் ஆட்டம் ஆடியிருப்பீர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

காரை வேகமாகத் தள்ளும் எரிபொருளான பூஸ்டுக்காகப் பெரிய உருண்டைகளைத் தேடி அலைய வேண்டாம். மைதானத்தில் அவை ஆறுதான். சின்னத் தட்டுகள் 28 இருக்கின்றன, ஒவ்வொன்றும் 12 பூஸ்ட் தரும். போகிற வழியில் மிதித்துக்கொண்டே போங்கள். கேமரா குலுங்குவதை அமைப்புகளில் நிறுத்துங்கள், பார்வைக் கோணத்தை 110-க்குக் கூட்டுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே வேறு ஆட்டம்போல் தெரியும்.

அரைக்காற்புள்ளி | சேலம் | ஞாயிறு, காலை 7.05

ஒரு கசப்பான கருத்து. கால் குணமாகிற காலத்தில் நாலு நல்ல புத்தகம் படிக்கலாம். சதுரங்கம் ஆடலாம். 47 வயதில், இருபது வயதுப் பையன்களிடம் வசை வாங்குவதற்கு இணையக் கட்டணமும் கட்டி, கண்ணையும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

இலவசம் என்பதும் தூண்டில்தான். இதே விளையாட்டில் பெட்டியைத் திறக்கச் சாவி விற்றார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பணம் கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் எதிர்ப்பு வந்து, பெல்ஜியம் 2018-இலேயே இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்த பிறகு, 2019 டிசம்பரில்தான் எடுத்தார்கள். இப்போது கடை வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு ஒரு விலை, தொப்பிக்கு ஒரு விலை. காருக்கு எதற்குத் தொப்பி?

இறகுப்பந்து | ஞாயிறு, காலை 8.30

தம்பி, கேமரா குலுக்கலை நிறுத்திவிட்டேன். தலைசுற்றல் பாதியாகக் குறைந்தது. நன்றி. வசை பொழிந்தது நீங்களே ஆனாலும் மன்னித்தேன்.

அரைக்காற்புள்ளி ஐயாவுக்கு: புத்தகமும் படிக்கிறேன். ஆனால் புத்தகம் என்னைத் தோற்கடிப்பதில்லை. மாலை ஆறரை மணி ஆனால் எனக்கு யாரோடாவது மோத வேண்டும், பழகிய உடம்பு. தொப்பி வாங்கவில்லை. முதலில் கொடுத்த காரையே ஓட்டுகிறேன்.

தக்காளிச்சோறு | ஞாயிறு, காலை 8.42

அந்தக் கார் பெயர் ஆக்டேன். பரிசுப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் பலரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். பணம் கட்டி வாங்குவதெல்லாம் பெரும்பாலும் அழகுக்குத்தான். அரைக்காற்புள்ளி ஐயா சொன்ன சாவி விவகாரம் உண்மை, அதில் என் அப்பாவின் பணமும் கொஞ்சம் போயிருக்கிறது.

கேபிள்காரர் | சென்னை | ஞாயிறு, காலை 10.20

தொழிலே நெட்வொர்க் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். பிங் எவ்வளவு காட்டுகிறது? வைஃபையா, கேபிளா? டிவியில் கேம் மோட் போட்டிருக்கிறீர்களா?

புதிதாக வருகிற பெரியவர்கள், எல்லாத் தோல்வியையும் ‘எனக்கு வயதாகிவிட்டது’ என்று தலையில் சுமந்துகொள்கிறார்கள். பாதிக் குற்றம் வீட்டு வயரிங்கில் இருக்கும்.

இறகுப்பந்து | ஞாயிறு, காலை 10.55

வைஃபைதான். ரௌட்டர் முன்னறையில், டிவி படுக்கையறையில், நடுவில் இரண்டு சுவர். பிங் 60-இலிருந்து திடீரென்று 200-க்குத் தாவுகிறது. அப்போது என் கார் முன்னால் போய்விட்டு, யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல் பின்னால் வந்து நிற்கிறது. கேம் மோட் என்றால் என்ன? இன்னொன்று, நாங்கள் எடுத்திருப்பது 100 எம்பிபிஎஸ் திட்டம். அது போதாதா?

கேபிள்காரர் | ஞாயிறு, காலை 11.40

100 எம்பிபிஎஸ் என்பது குழாயின் அகலம். ஆட்டத்துக்கு அகலம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, அது அனுப்பும் தகவல் ஒரு யூடியூப் வீடியோவில் சிறு பங்குதான். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு, அதற்குப் பெயர்தான் பிங். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சர்வர், அதாவது ஆட்டத்தை நடத்தும் மையக் கணினி, சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். போய்வர 29 மில்லிநொடி, இது இயற்கை போட்ட எல்லை. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரௌட்டர்கள் இருக்கின்றன, கோவையிலிருந்து சென்னைக்கு வேறு வர வேண்டும். ஆக உங்களுக்கு 60 காட்டுவது நியாயமான எண். அந்த 200 தான் நியாயமில்லை, அது உங்கள் வீட்டுச் சுவரின் வேலை.

கார் பின்னால் இழுக்கப்படுவது ஏன் தெரியுமா? நீங்கள் பட்டனை அழுத்தியதும் உங்கள் கன்சோல் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காது. ‘இப்படித்தான் நடக்கும்’ என்று தானே கணித்துக் காரை நகர்த்திவிடும். பிறகு சர்வர் ‘அப்படி நடக்கவில்லையே’ என்று சொன்னால் உண்மையான இடத்துக்கு இழுத்துவிடும். பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) தாமதமாகவும் விட்டுவிட்டும் போனால் இந்த இழுபறி அடிக்கடி நடக்கும்.

செய்ய வேண்டியது எளிது. கடையில் கேட்-6 லேன் கேபிள் வேண்டிய நீளத்துக்கு வாங்கி, சுவர் ஓரமாக கிளிப் அடித்து நேரே கன்சோலில் மாட்டுங்கள். முடியாவிட்டால் ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையுங்கள். அது சுவருக்குப் பயப்படும் என்பதால் ரௌட்டரைக் கொஞ்சம் இடம் மாற்ற வேண்டியிருக்கும். டிவியின் பட அமைப்புகளுக்குள் கேம் மோட் இருக்கும். சாதாரண நிலையில் டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அந்த ஒப்பனை நேரம் உங்கள் விரலுக்கும் காருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேம் மோட் அந்த ஒப்பனையை நிறுத்திவிடும். நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியலாம், பழகிவிடும்.

மின்வெட்டுக்கு: இன்வெர்ட்டர் லைனில் டிவி இருந்து ரௌட்டர் இல்லை என்றால் பயனில்லை. ரௌட்டருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது.

ஸ்கார்பரோவாசி | டொரொண்டோ | ஞாயிறு, மாலை 6.30

அண்ணா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அது எனக்கு நெருக்கமான கேள்வி.

நான் 2004-இல் எக்ஸ்பாக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கன்சோலுக்கு ‘ஹேலோ 2’ என்ற சுடும் விளையாட்டு வந்த அன்றிரவே தொடங்கியவன். நவம்பர் 9, கடைக்கு வெளியே குளிரில் வரிசை. கனடா வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை, பகலில் கிடங்கில் வேலை, இரவில் எக்ஸ்பாக்ஸ். அதற்கு முன்பு கன்சோலில் பலர் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போய் கேபிளால் இணைக்க வேண்டும். நாலு எக்ஸ்பாக்ஸ், நாலு டிவி, பதினாறு பேர், ஒரு கழிப்பறை. எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற அதன் ஆன்லைன் சேவை 2002 நவம்பரில் தொடங்கியபோதே, அதற்கான தொகுப்புக்குள் ஹெட்செட்டும் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஒலிவாங்கிதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதோடு ‘ஹேலோ 2’ தானாகவே ஆள் தேடிச் சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு நாமே ஒரு சர்வரைத் தேடிப் பிடித்து உள்ளே போக வேண்டும். போனால் அங்கே நேற்றும் அதே ஆட்கள், நாளையும் அதே ஆட்கள். திட்டுகிறவனுக்கும் நாளை முகம் கொடுக்க வேண்டும் என்ற கூச்சம் இருந்தது. இயந்திரம் ஆள் சேர்க்கத் தொடங்கியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது. நீங்கள் கேட்டீர்களே, எல்லோரும் எங்கே போகிறார்கள் என்று. அடுத்த ஐந்து பேரிடம் போகிறார்கள். அந்த வசதிக்கு நாம் கொடுத்த விலை இதுதான் என்பது என் எண்ணம்.

அப்படியும் அந்த விளையாட்டில் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு அறை இருந்தது. இரு அணியும் அங்கே திரும்பும், பேசலாம். வசவும் வரும், நட்பும் வரும். ஆங்கிலம் பாதி அங்கேதான் பழகினேன், பயன்படுத்தக் கூடாத பாதி.

2010 ஏப்ரல் 15 அன்று பழைய எக்ஸ்பாக்ஸின் ஆன்லைன் சேவையை நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை வெளியேற்றவில்லை. சிலர் கன்சோலை அணைக்காமலே மே மாதம் வரை ஆடிக்கொண்டிருந்தார்கள். பெட்டி சூடாகி நின்றவர்கள், இணைப்பு அறுந்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் குறைந்து கடைசி ஆளும் விழுந்த பிறகுதான் முடிந்தது. ஆகவே, எல்லோரும் உடனே ஓடிவிடுகிறவர்கள் இல்லை.

மைத்தூரிகை | துபாய் | ஞாயிறு, இரவு 8.10

ஸ்கார்பரோ அண்ணா ஹெட்செட்டைப் புகழ்கிறார். பெண்களைக் கேட்டால் கதை வேறு.

எனக்கு 41 வயது. கணவர் பழக்கிவிட்ட சுடும் விளையாட்டு ஒன்றில் மைக்கைப் போட்டு, ‘இடதுபக்கம் ஒருவர் வருகிறார்’ என்று சொன்னேன். அவ்வளவுதான், ஆட்டமே நின்றுவிட்டது. ஒருவர் வயது கேட்கிறார், ஒருவர் பாடச் சொல்கிறார், ஒருவர் சமையலறைக்குப் போகச் சொல்கிறார். நான் சொன்ன அந்த இடதுபக்கத்து ஆள் வந்து மூவரையும் சுட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மைக் கிடையாது, பெயரிலும் ஆணா பெண்ணா என்று தெரியாது. இப்போது பிளேஸ்டேஷன் 5-இல் குரல் அரட்டையில் சற்று முன்பு பேசியதன் ஒரு துண்டை இணைத்துப் புகார் கொடுக்கலாம் என்கிறார்கள். நல்லது. ஆனால் ஓய்வெடுக்க உட்கார்ந்த நேரத்தில் புகார் மனு எழுத எனக்கு விருப்பமில்லை.

இறகுப்பந்து அண்ணாவுக்கு நான் பரிந்துரைப்பது ‘ஸ்பிளாட்டூன்’. நிண்டெண்டோ சுவிட்சில் வரும். நாலு பேருக்கு நாலு பேர், மை பீய்ச்சும் துப்பாக்கி, மூன்றே நிமிடம். எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதில் வெற்றி இல்லை, தரையில் யாருடைய நிறம் அதிகம் என்பதில்தான். குறி வைக்கவே தெரியாதவர்கூட மூலையில் நின்று தரைக்கு வண்ணம் அடித்து அணியை ஜெயிக்க வைக்கலாம். முடிந்ததும் ஒரு பூனை வந்து கொடியைத் தூக்கி, எந்த நிறம் எத்தனை விழுக்காடு என்று காட்டும். முன்பின் தெரியாதவர்களோடு குரல் அரட்டையே கிடையாது. ‘இந்தப் பக்கம் வா’ என்று சொல்ல ஒரு பட்டன் இருக்கிறது, அதை வைத்து யாரையும் திட்ட முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன்.

நிறுத்தி வைக்க முடியாத சிக்கலுக்கும் அதுவே தீர்வு. ‘மூன்று நிமிடம் பொறு’ என்றால் எங்கள் வீட்டில் பொறுப்பார்கள். குக்கர் மூன்று விசில் விடும் நேரம்கூட இல்லை. ராக்கெட் லீக்கில் ஐந்து நிமிடம் என்பது பெயருக்குத்தான். சமனில் முடிந்தால் யாராவது கோல் போடும்வரை கூடுதல் நேரம் போய்க்கொண்டே இருக்குமே?

இறகுப்பந்து | ஞாயிறு, இரவு 9.00

போகிறது, அம்மா. போன வாரம் ஒரு கூடுதல் நேரம் முடிவதற்குள் தோசை ஆறி அட்டையாகிவிட்டது. முழு ஆட்டத்தைவிட அது நீளம். கடிகாரம் சுழியத்தைத் தொட்ட பிறகும் பந்து தரையில் படும்வரை ஆட்டம் முடியாது என்பது வேறு. ஆறு காரும் பந்தைத் தரையில் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன, என் மனைவி கதவருகில் கரண்டியோடு நிற்கிறாள். ‘பந்து கீழே விழவேண்டும்’ என்று அவளுக்கு விளக்கியபோது நான் என் மரியாதையை முழுவதும் இழந்தேன்.

அரைக்காற்புள்ளி | ஞாயிறு, இரவு 9.25

ஒருவர் குளிரில் வரிசையில் நின்றார், ஒருவரை சமையலறைக்குப் போகச் சொன்னார்கள், ஒருவருக்குத் தோசை ஆறிவிட்டது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சேர்க்கிறீர்கள்.

சதுரங்கத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வயதும் தடையில்லை. இங்கே விரல் வேகம்தானே எல்லாம்? 47-இல் 20-ஐ எப்படி ஜெயிப்பது?

கேபிள்காரர் | திங்கள், காலை 7.15

ஆன்லைன் சதுரங்கத்தில் தோற்கிற நேரத்தில் ஓடிவிடுகிறவர்களைப் பார்த்ததில்லையா? கொடுத்து வைத்தவர்.

உங்கள் சதுரங்கம் கொடுத்த கொடைதான் இங்கே ஆள் சேர்க்கிறது. அர்ப்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்க வீரர்களுக்காக வகுத்த தரப் புள்ளி முறையை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. பலமானவரை ஜெயித்தால் புள்ளி நிறைய ஏறும், பலவீனமானவரிடம் தோற்றால் நிறைய இறங்கும். அதே எண்ணத்தைக் குழு ஆட்டத்துக்கு ஏற்றபடி விரித்து மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் ‘ட்ரூஸ்கில்’ என்று எக்ஸ்பாக்ஸ் 360-க்குச் செய்தது. இன்று ஏறத்தாழ எல்லாப் போட்டி விளையாட்டிலும் இந்த வம்சத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு கணக்கு உள்ளே ஓடுகிறது. அதன் நோக்கமே சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டத்தை அமைப்பதுதான். ஆகவே இறகுப்பந்து அண்ணா 20 வயது மேதையை ஜெயிக்கவே வேண்டியதில்லை. தன்னைப் போலத் தடுமாறுகிறவர்களில் பாதிப் பேரை ஜெயித்தால் போதும். அந்த எதிராளியின் வயது 12-ஆகவும் இருக்கலாம், 60-ஆகவும் இருக்கலாம்.

முதலில் தோல்விதான் அதிகம் வரும், ஏனென்றால் கணக்குக்கு உங்களைத் தெரியாது. அது உங்களை எடைபோடும்வரை பொறுக்க வேண்டும்.

தக்காளிச்சோறு | திங்கள், காலை 8.05

வயதைப் பற்றி ஒன்று. கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தினர் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற போர் உத்தி விளையாட்டை ஆடும் 16 முதல் 44 வயது வரையிலான 3,305 பேரின் ஆட்டங்களை ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். திரையில் புதிதாக ஒன்றைப் பார்த்ததும் செயல்படும் வேகம் 24 வயதிலேயே இறங்கத் தொடங்குகிறதாம்! எனக்கே இன்னும் நாலு ஆண்டுகள்தான். ஆனால் வயதானவர்கள் எளிமையான உத்திகளைத் தேர்ந்தெடுத்து அதை ஈடுகட்டுவதுபோல் தெரிகிறது என்றும் அதே கட்டுரை சொல்கிறது. எங்கள் விடுதியில் மூத்த வார்டன் ஒருவர் இருக்கிறார். பறக்கவே மாட்டார். கோல் வாயை விட்டு அதிகம் நகரவும் மாட்டார். அவருக்கு எதிராக கோல் போடுவதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும்.

ஈஸ்ட்ஹாம் | லண்டன் | திங்கள், மாலை 5.40

இழையை இன்றுதான் பார்த்தேன். நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவன். பணி முடிந்து வந்தால் உடனே தூக்கம் வராது, அந்த ஒரு மணி நேரம் ஆட்டம்.

அந்நியர்களோடு ஆடுவதை நான் விட்டு வெகுகாலம் ஆகிறது. எங்கள் குடும்பம் 1980-களில் சிதறியது. ஒரு சித்தப்பா பாரிசில், ஒரு மாமா டொரொண்டோவில், அக்கா குடும்பம் யாழ்ப்பாணத்திலேயே. திருமணத்துக்கோ செத்த வீட்டுக்கோதான் ஒருவரை ஒருவர் பார்ப்பது. இப்போது ஒரு கால்பந்து வீடியோ விளையாட்டின் ‘கிளப்ஸ்’ பகுதியில் எங்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. அதில் ஆளுக்கு ஒரு வீரர், நாம் நம் வீரரை மட்டுமே ஓட்ட வேண்டும். சித்தப்பா மகன் முன்கள வீரர், நான் தடுப்பு, அக்கா மகன் யாழ்ப்பாணத்திலிருந்து இணைப்பு விட்டுவிட்டு வருவதால் அவனைக் கோல் காவலுக்கு மட்டும் போடுவதில்லை.

பாதி நேரம் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. போன வாரம் ‘வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற யார் காசு அனுப்புவது’ என்று பேச்சு முற்றியபோது எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது. தொலைபேசியில் இப்படிப் பேச்சு வராது. ‘எப்படி இருக்கிறாய், நலம்’ என்பதோடு முடிந்துவிடும். கைக்கு வேலை இருந்தால்தான் எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாய் திறக்கும்.

ஆகவே, இறகுப்பந்து அண்ணா, டீ குடிக்க ஆள் வேண்டும் என்றால் ஆட்டத்துக்கு முன்பே சேர்த்துக்கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடினால் கிடைக்காது.

இறகுப்பந்து | திங்கள், இரவு 9.30

இதைப் படித்துவிட்டு ஷட்டில் குழுவில் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தம் மகளின் கன்சோலைத் தூசி தட்டுவதாகச் சொல்லியிருக்கிறார், நம்ப முடியாது.

லேன் கேபிள் மாட்டியாகிவிட்டது. படுக்கையறைக் கதவு இனி முழுவதும் மூடாது, மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிங் 58-இலேயே நிற்கிறது, வாலைப் பிடித்து இழுப்பது அறவே நின்றுவிட்டது. கேம் மோடில் முகங்கள் எல்லாம் காய்ச்சல்காரர்போல் வெளிறித் தெரிகின்றன. சீரியல் பார்க்கும்போது மாற்றிவிட வேண்டும் என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. இன்று பின்வரிசையிலேயே நின்று, வார்டன் பாணியில் ஆடினேன். தொடர்ந்து தோற்பது நின்றிருக்கிறது.

இங்கே இருப்பவர்களே ஒரு நாள் சேர்ந்து ஆடினால் என்ன? தனி ஆட்டம் அமைக்கலாம் என்று மெனுவில் பார்த்தேன்.

மைத்தூரிகை | திங்கள், இரவு 9.50

நான் வருகிறேன். ராக்கெட் லீக் சுவிட்சிலும் இருக்கிறது, எந்தக் கன்சோலாக இருந்தாலும் ஒன்றாக ஆடலாம். இங்கே இருப்பவர்களோடு என்றால் மைக்கும் போடுவேன். பிளேஸ்டேஷனில் இதற்கு மாதச் சந்தா வேண்டுமா என்று யாராவது பயந்தால், வேண்டாம். இலவச விளையாட்டுகளுக்கு அது தேவையில்லை.

தக்காளிச்சோறு | திங்கள், இரவு 9.58

நானும். நாலு பேர் ஆகிவிட்டால் இரண்டுக்கு இரண்டு, ஆறு என்றால் மூன்றுக்கு மூன்று. ஞாயிறு நம் நேரம் இரவு 8.30? துபாயில் 7, லண்டனில் மாலை 4, டொரொண்டோவில் காலை 11. ஈஸ்ட்ஹாம் அண்ணா தூங்கி எழுந்திருப்பார்.

ஈஸ்ட்ஹாம் | திங்கள், இரவு 10.30

எழுப்பிவிடுவார்கள். வருகிறேன்.

ஸ்கார்பரோவாசி | திங்கள், இரவு 11.10

நானும் உண்டு. ஆனால் எந்தச் சர்வர்? மத்தியக் கிழக்கைப் போட்டீர்கள் என்றால் நான் ஆடுவதற்குப் பதிலாகப் படம்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அரைக்காற்புள்ளி | செவ்வாய், காலை 6.50

ஆறாவது ஆளுக்கு என்னைப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்குச் சதுரங்கம் இருக்கிறது.

கேபிள்காரர் | செவ்வாய், காலை 7.30

ஆறாவது நான். சர்வர் கணக்கு இதோ. ஐரோப்பா என்றால் லண்டன்காரருக்குச் சொர்க்கம், டொரொண்டோவுக்குச் சமாளிக்கலாம், நம் மூவருக்கும் 130-க்கு மேல் போகும். மத்தியக் கிழக்கு என்றால் துபாய்க்குச் சொர்க்கம், நமக்கு நன்று, லண்டனுக்குச் சுமார், டொரொண்டோவுக்குக் கொடுமை. அங்கிருந்து துபாய் 11,000 கிலோமீட்டர், ஒளியே போய்வர 110 மில்லிநொடி கேட்கிறது. ஆகவே முதல் இரண்டு ஆட்டம் ஐரோப்பா, அடுத்த இரண்டு மத்தியக் கிழக்கு. அறையின் பெயரும் கடவுச்சொல்லும் தனிமடலில் அனுப்புகிறேன். ஸ்கார்பரோ அண்ணாவையும் இறகுப்பந்து அண்ணாவையும் ஒரே அணியில் போட்டிருக்கிறேன், இருவருக்கும் எந்தச் சர்வரிலாவது ஒருவர் மற்றவரைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஸ்கார்பரோவாசி | செவ்வாய், காலை 8.15

இதில் எனக்கு எங்கே நீதி? ஐரோப்பாவிலும் எனக்குத் தொண்ணூறு வருமே.

கேபிள்காரர் | செவ்வாய், காலை 8.20

அட்லாண்டிக்கைச் சுருக்குவது என் வேலையில் சேராது, அண்ணா. நீங்களும் வைஃபையிலா ஆடுகிறீர்கள்?